சுத்திகரித்த நீர், பழைய குழாய்: காமாலை வீட்டுக்கு வரும் வழி

மஞ்சள் காமாலையோடு ஒருவர் எங்கள் பிரிவில் சேர்க்கப்படும்போது உடன் வருவோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "எங்கள் வீட்டுக்கு வருவது மெட்ரோ வாட்டர்தானே டாக்டர்? சுத்தம் செய்துதானே விடுகிறார்கள்? பிறகு எப்படி வந்தது?" வெளியில் சாப்பிட்ட ஏதோ ஒன்றின்மீது பழியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வது எங்களுக்கு எளிது. சாலையோரக் கரும்புச்சாறும் பானிபூரியும் பல நேரங்களில் குற்றவாளிகளே. ஆனால் ஒரே தெருவிலிருந்து பத்து நாள்களுக்குள் மூவர் வருகிறார்கள், அவர்களில் ஒருவர் வாசற்படி தாண்டாத பாட்டியம்மா என்னும்போது அந்த விடை போதாது.

சுத்தம் செய்துதான் விடுகிறார்கள் என்பது உண்மை. ஆயினும், சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுப் புறப்பட்டபோது இருந்த தூய்மை உங்கள் குழாயடி வரை நீடித்தது என்பதற்கு அது உறுதி ஆகாது. இரண்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் கிடக்கிறது. அதன் சில பகுதிகள் நம் பாட்டனார் காலத்தில் புதைக்கப்பட்டவை. அந்தக் குழாயைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். கல்லீரல் மருத்துவர்களுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். எங்கள் படுக்கைகளில் ஒரு பகுதியை நிரப்புவது அந்தக் குழாய்தான்.

ஏரி முதல் தெரு வரை

சென்னையின் குழாய் நீருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1772-இல் வெட்டப்பட்ட ஏழு கிணறுகள் கோட்டைக்கு நீர் தந்தன. அந்த வட்டாரத்துக்கு ஏழு கிணறு என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 1872-இல் கொசஸ்தலையாற்று நீரைச் சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திருப்பி, அங்கிருந்து திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வரை கொண்டுவந்தனர். வடிகட்டாமல் வந்த அந்த நீரை மணலில் வடிகட்டித் தரும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் திறக்கப்பட்டது. பின்னர் 1944-இல் பூண்டி, 1996-இல் கிருஷ்ணா நீர், 2004-இல் வீராணம், 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் எனப் புதிய ஊற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன.

புதிய நீரைத் தேடுவதில் நகரம் காட்டிய ஊக்கம், இருக்கும் குழாயைப் பேணுவதில் அதே அளவுக்குத் தெரியவில்லை என்பது எங்கள் கருத்து. இது சென்னைக்கு மட்டும் உரிய குறை அன்று. வறண்ட ஏரி எல்லோர் கண்ணிலும் படும். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் நீர் வந்ததை நாடே பார்த்தது. மண்ணுக்கடியில், துருப்பிடித்த இணைப்பொன்றின் வழியே சாக்கடை கசிவதை எவரும் படமெடுப்பதில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் கலந்து கலங்கலைப் படிய வைத்து, மணலில் வடிகட்டி, இறுதியில் குளோரின் சேர்க்கிறார்கள். அந்தக் குளோரினுக்கு இரண்டு வேலைகள். அங்கேயே கிருமிகளைக் கொல்வது ஒன்று. மீந்த சிறு அளவு நீரோடு பயணம் செய்து, வழியில் ஏதேனும் கிருமி புகுந்தால் அதையும் எதிர்கொள்வது மற்றொன்று. இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தின்படி, குழாயடியில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீந்திருக்க வேண்டும். மருந்துக்கு நேரும் கதியே இதற்கும் நேரும்: எதிரே வருவதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். பழைய வார்ப்பிரும்புக் குழாயின் உட்புறம் வழவழப்பாக இராது. துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து, மேலே பாசிபோன்ற படலம் படிந்திருக்கும். அந்தத் துருவும் படலமுமே குளோரினைத் தின்றுவிடும். நீரேற்று நிலையத்துக்கு அருகில் வாழ்பவர் குளோரின் நெடி தாங்கவில்லை என்பார். கடைக்கோடித் தெருவில் வாழ்பவருக்கு வரும் நீரில் அது அறவே இராது. இருவருக்கும் ஒரே ஏரி நீர்தான்.

குழாய் காலியாகும் நேரம்

இக்கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைக்க விரும்புவோர் இதை வைத்துக்கொள்ளட்டும்.

குழாயில் நீர் அழுத்தத்தோடு ஓடும்போது, விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியும். அது இழப்பே தவிர நோய் அன்று. ஆனால் நம் நகரங்களில் நீர் நாள் முழுதும் வருவதில்லை; காலையில் சில மணி நேரம், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் இறங்குகிறது. தாழ்வான வீடுகளில் எஞ்சிய நீர் வடிய வடிய, உள்ளே உறிஞ்சும் விசை ஒன்று உண்டாகிறது. காலையில் எந்த விரிசல் வழியே நீர் வெளியேறியதோ, அதே விரிசல் வழியே இப்போது சுற்றியிருக்கும் ஈரம் உள்ளே போகிறது. பக்கத்தில் பாதாளச் சாக்கடை கசிந்துகொண்டிருந்தால் உள்ளே போவது சாக்கடை நீர்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்துச் சிரையில் குழாய் பொருத்தும்போது நோயாளியைத் தலை தாழ்த்திப் படுக்க வைப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். காரணம் இதே இயற்பியல்தான். சிரைக்குள் அழுத்தம் குறைந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுவிடும் என்ற அச்சம்.

தெருக் குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி இழுக்கும் வழக்கம் இந்த உறிஞ்சலைப் பன்மடங்காக்குகிறது. தன் வீட்டுத் தொட்டி நிரம்பவில்லை என்ற தவிப்பு எங்களுக்கும் புரிகிறது. எங்களில் பலர் குடியிருக்கும் தெருக்களிலும் அதுவே நிலை. எனினும் ஒருவர் இழுக்கும் மோட்டார், அடுத்த வீட்டு இணைப்பின் ஓட்டையில் சாக்கடையை இழுத்துவிடுகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இது வெறும் ஊகமா? கர்நாடகத்தின் ஹுப்பள்ளி–தார்வாட் நகரில் சில வட்டங்களுக்கு மட்டும் குழாய்களை மாற்றி 24 மணி நேரமும் நீர் வழங்கினார்கள். மற்ற வட்டங்களுக்குச் சில நாள்களுக்கு ஒருமுறை விடுவது தொடர்ந்தது. ஆய்வாளர்கள் இரு பகுதிக் குழாய்களிலும் நீர் எடுத்துப் பார்த்தனர். இடைவிட்டு வந்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில், மலக் கலப்பைக் காட்டும் இ.கோலை இருந்தது. இடைவிடாது வந்த நீரில் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. நோய்க் கணக்கு இவ்வளவு நேராக அமையவில்லை. குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்கில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அதற்குக் கை, உணவு, ஈ என வேறு வழிகளும் உண்டு. டைபாய்டு கண்டதாகச் சொன்ன வீடுகளோ, இடைவிடாது நீர் பெற்ற பகுதியில் தெளிவாகக் குறைந்திருந்தன. குழாயை மாற்றினால் எல்லா நோயும் போய்விடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். டைபாய்டு குறையும் என்பதே எங்களுக்குப் போதுமான காரணம்.

நீரில் குளோரின் வாசனை இருக்கிறது, ஆகவே அஞ்ச வேண்டாம் என்று நினைப்போருக்குத் தில்லியின் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்குக் குற்றம் குழாயில் இல்லை, ஆற்றில் இருந்தது. 1955-இல் வெள்ளத்துக்குப் பின் யமுனை தடம் மாறியதால், நஜாஃப்கர் வடிகாலின் சாக்கடை வஜீராபாத் நீரேற்று நிலையம் நீர் எடுக்கும் இடத்துக்கே வந்து கலந்தது. பணியாளர்கள் விழிப்போடு குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. பாக்டீரியாவைக் கொன்ற குளோரின், கலங்கல் நீரில் வைரஸை முழுமையாகக் கொல்லவில்லை. அது இன்று நாம் ஹெப்படைட்டிஸ் ஈ என்று அழைக்கும் வைரஸ் என்பது தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

யாருக்கு இது உயிர்ப் பிரச்சினை

நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞருக்கு ஹெப்படைட்டிஸ் ஏ, ஈ இரண்டுமே பெரும்பாலும் தாமாகக் குணமாகும். நான்கு வாரம் சோர்வு, பசியின்மை, பிறகு பழைய நிலை. அதனாலேயே நம் குடும்பங்களில் காமாலை என்றால் பத்தியம் இருந்தால் போதும் என்ற எண்ணம் ஊறியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் மாதக் கருவுற்ற பெண் ஒருவர் எங்களிடம் கொண்டுவரப்பட்டார். கண் மஞ்சளாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. வந்த அன்று அவர் தம் கணவரின் பெயரைச் சொல்லத் தடுமாறினார். கல்லீரல் செயலிழந்து மூளையைப் பாதிக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. ஹெப்படைட்டிஸ் ஈ. குழந்தையைக் காப்பாற்ற முடிந்தது. தாயைக் காப்பாற்ற முடியவில்லை. பிறகு அவருடைய மாமியார் எங்களிடம் சொன்னது மறக்கவில்லை: ஒரு மாதத்துக்கு முன் தெருவில் தோண்டியதிலிருந்தே தண்ணீர் ஒரு மாதிரி நாறியது, வடிகட்டிக் குடித்தோம் என்றார். அந்த வைரஸ் உடலில் புகுந்து நோயாக வெளிப்பட 2 முதல் 10 வாரம் வரை ஆகும். நாறிய நீருக்கும் மஞ்சள் கண்ணுக்கும் இடையிலுள்ள இந்த நீண்ட இடைவெளியால்தான் இரண்டையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை.

கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் ஹெப்படைட்டிஸ் ஈ கண்டால், நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே கருவுற்றவருக்குக் கண் மஞ்சளானால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஏற்கெனவே கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர், மாற்று உறுப்புப் பெற்றவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர் ஆகியோரும் இதே வரிசையில் நிற்பவர்கள். உறுப்பு மாற்றம் பெற்றவர்களில் சிலருக்கு இந்த வைரஸ் உடலை விட்டுப் போகாமல் நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுவதும் உண்டு. காமாலை நோயாளி எவராயினும் பகலில் அதிகம் தூங்குவது, பேச்சு குழறுவது, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிவது, ஓயாத வாந்தி என்று கண்டால் மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

தெருவில் குழாய் மாற்றும் வேலை நடக்கும்போது

பழைய குழாயை மாற்றுவதென்பது புதுக் குழாயைப் புதைப்பது மட்டும் அன்று. உள்ளே சிமெண்ட் பூசிய டக்டைல் இரும்புக் குழாய்கள் வார்ப்பிரும்பின் இடத்தைப் பிடிக்கின்றன. நகரைச் சிறு சிறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நுழைவிடத்தில் மீட்டர் வைத்து, உள்ளே போன நீருக்கும் வீடுகளுக்குச் சேர்ந்த நீருக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். இரவின் அமைதியில் கம்பியைத் தரையில் ஊன்றிக் காதில் வைத்துக் கசிவின் ஒலியைத் தேடும் பணியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் ஸ்டெதஸ்கோப்பின் ஒன்றுவிட்ட உறவு அது. புதுக் குழாயில் குளோரின் மிகுந்த நீரை நிரப்பி, ஒரு நாள் நிறுத்தி, பிறகு அதைக் கொட்டிவிட்டே குடிநீர் விட வேண்டும்.

பழைய குழாயைக் கவனியாமல் நீரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிளிண்ட் நகரம் சான்று. 2014-இல் செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் பொருளைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. அதே காலத்தில் அங்குப் பரவிய லெஜியோனேர் நிமோனியாவில் குறைந்தது 12 பேர் இறந்தனர். கடல்நீரிலிருந்து எடுத்த குடிநீரில் தாது உப்புகளைத் திரும்பச் சேர்த்துத்தான் விடவேண்டும் என்பதற்கும் இதுவே ஒரு காரணம். உப்பே இல்லாத நீர் குழாயை அரிக்கும்.

வேலை நடக்கும் வாரங்களும் முடிந்த சில நாள்களும்தான் நோய்க்கு மிக வாய்ப்பான காலம். பழுப்பு நீர் வருவது துருவால். அது பார்வைக்கு அருவருப்பே தவிரப் பெரிய ஆபத்து அன்று. நாற்றமடிக்கும் நீர் வேறு. அதைக் கொதிக்க வைத்தும் குடிக்க வேண்டாம், தொட்டியிலும் ஏற்ற வேண்டாம். முதலில் வரும் நீரைச் சில நிமிடம் வெளியே விட்டுவிட்டு, வாளியில் பிடித்து முகர்ந்து பார்த்தபின் தொட்டிக்குத் திருப்புங்கள். சென்னையில் 1916 என்ற எண்ணுக்கோ பகுதிப் பணிமனைக்கோ அன்றே தெரிவியுங்கள். ஒரு வீட்டார் மட்டும் சொன்னால் அவ்வீட்டு இணைப்பைத்தான் பார்ப்பார்கள். தெருவில் நான்கு வீட்டார் சொன்னால் பிரதானக் குழாயைப் பார்ப்பார்கள்.

இங்கே பலர் அறியாத ஒன்று உண்டு. தெருவில் பிரதானக் குழாய் புதிதாகிவிட்டது என்று மகிழ்ந்துவிடுகிறோம். அதிலிருந்து வீட்டுக்குள் வரும் மெல்லிய இணைப்புக் குழாய் பெரும்பாலும் முப்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாகவே இருக்கும். அது பல தெருக்களில் மழைநீர் வடிகாலுக்குள் புகுந்தே வீட்டை அடைகிறது. மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டும் ஓடுவதில்லை என்பது யாவரும் அறிந்தது. தெருவைத் தோண்டியிருக்கும்போதே அந்த இணைப்பையும் மாற்றிக்கொள்வது செலவு குறைந்த வழி. தார் போட்ட பிறகு அதற்கு மனம் வராது.

பிறகு சம்ப். அடுக்குமாடி ஒன்றிலிருந்து அடுத்தடுத்து ஐந்து பிள்ளைகள் ஹெப்படைட்டிஸ் ஏ-யுடன் வந்தபோது, சங்கச் செயலாளரிடம் தொட்டியைக் காலி செய்து பார்க்கச் சொன்னோம். சாக்கடைக் குழிக்கும் சம்பின் சுவருக்கும் இடையே இரண்டடிகூட இல்லை. சுவரில் ஈரக்கோடு தெரிந்தது. அதுவரை நாங்களும் எல்லா நோயாளிக்கும் "காய்ச்சிய நீர் குடியுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டதே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, சுவரை விளக்கொளியில் பாருங்கள். கழுவியபின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைச் சிறிது நீரில் குழைத்து, தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். நெடி போன பழைய பவுடரால் பயன் இல்லை.

குடிப்பதற்கு எது நல்லது என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை இன்றும் காய்ச்சிய நீர்தான். கொதி வந்து குமிழிகள் தளதளவென்று எழுந்தபின் ஒரு நிமிடம் போதும். பாக்டீரியா, வைரஸ் இரண்டும் அழியும். அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். கை நுழையாத வாய்க்குறுகிய பாத்திரத்திலோ குழாய் வைத்த பானையிலோ ஊற்றி, ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் நன்கு பராமரிக்கப்பட்டால் பயன்தரும். ஆனால் அது குளோரினையும் நீக்கிவிடுவதால், அதன் தொட்டியில் நாள்கணக்கில் தேங்கும் நீருக்குக் காவல் இல்லை. அதன் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. கேன் தண்ணீரைப் பொறுத்தவரை, கேனைவிட அதைக் கவிழ்க்கும் குடுவையின் அழுக்கே எங்களுக்குக் கவலை.

காய்ச்சிய நீரை மட்டுமே குடிக்கும் வீட்டிலும் காமாலை வந்ததுண்டு. விசாரித்தால், சட்னி அரைக்கையில் கடைசியாக ஊற்றியது, மோர் கடைந்தபின் விட்டது, கொத்தமல்லியைக் கழுவியது எல்லாம் குழாய் நீர். பல் துலக்கும் நீரும் இதில் சேரும். மேலே சொன்ன எளிதில் பாதிக்கப்படுவோர் வீட்டில் இருந்தால், இவற்றுக்கும் காய்ச்சிய நீரே வேண்டும். ஹெப்படைட்டிஸ் ஏ-க்கும் டைபாய்டுக்கும் தடுப்பூசி உண்டு. கல்லீரல் நோயாளிகள் அடுத்த வருகையின்போது கேளுங்கள். ஹெப்படைட்டிஸ் ஈ-க்கு நம் நாட்டில் தடுப்பூசி வழக்கில் இல்லை.

இப்போது எங்கள் பிரிவில் காமாலை, டைபாய்டு நோயாளிகள் சேரும்போது தெருப் பெயர், நீர் வரும் நேரம், கடந்த இரண்டு மாதங்களில் தெருவைத் தோண்டினார்களா, சம்ப் எங்கே உள்ளது, அக்கம்பக்கத்தில் வேறு யாருக்காவது கண்டதா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். ஒரே தெருவிலிருந்து இருவர் என்று தெரிந்தால் மாநகராட்சி சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கிறோம். காய்ச்சலில் கிடப்பவரிடம் இதென்ன விசாரணை என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. நோயாளியால் சொல்ல இயலாவிட்டால் உடன் இருப்பவர் வீட்டுக்குப் பேசிக் கேட்டுச் சொன்னால் போதும்.